குருவியின் பங்கு

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மூத்தவள் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுவது. நான் பிழைத்துக்கொண்டேன். இனி பயமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அழாமல் கேள்.

இதை நம்ம குருவிதான் உனக்குப் படித்துக் காட்டுவாள். ஏய் தங்கச்சி, எதையும் முழுங்காமல் படி. உன்னைப் பற்றி வரும்போது மட்டும் தொண்டை கட்டிக்கொண்டது என்று கதைவிடாதே.

பெண் குழந்தை, அம்மா. அழவே இல்லை, மூச்சில்லாமல்தான் பிறந்தது. துணியில் சுற்றி உன் மருமகனிடம் கொடுத்தார்கள். செங்கல் சூளை வேலைக்குக்கூடப் போகாமல், அதை மார்போடு அணைத்துக்கொண்டு வராந்தாவிலேயே நின்றார். நல்ல மனுஷன். மாமியார்தான் என் ராசி சரியில்லை என்கிறார்.

ராசியெல்லாம் இல்லை. டாக்டரம்மா என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ரத்தமே இல்லையேம்மா, மலையில இருந்து வர்ற பொண்ணுங்க எல்லாம் ஏன் இப்படியே வர்றீங்க? அம்மா வீட்ல என்ன சாப்பிட்டே?" என்று கேட்டார். கஞ்சி என்றேன். "அதோட?" என்றார். காட்டைச் சுற்றி ஃபாரஸ்ட்காரர்கள் வேலி போட்டதும் கிழங்கும் கீரையும் போன கதையை எங்கிருந்து தொடங்குவது? அப்பாவும் அண்ணன்களும் குடித்த பிறகு மிஞ்சியதைத்தான் நாம் மூவரும் வழித்துக் குடித்தோம் என்று எப்படிச் சொல்வது? கஞ்சி மட்டும்தான் என்றேன். வயது பதினேழு என்றதும், வீட்டில் தங்கச்சி இருக்கிறாளா என்று கேட்டார்.

உன்னைக் குறை சொல்லவில்லை. நீ எங்களைவிடக் குறைவாகத்தான் குடித்தாய்.

குருவியைப் பெண் பார்க்க வருகிறார்களாமே? அத்தை என்னைப் பார்க்க வந்தபோது சொன்னாள். "ஒரு வாய் குறையுமில்ல" என்றாராம் அப்பா. என்னை அனுப்பும்போதும் அதையேதான் சொன்னார். அவளுக்குப் பதினாலுதான், அம்மா. போன தடவை நான் வீட்டுக்கு வந்தபோது, மேட்டில் ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. சுவரோரம் மண்ணைக் கிள்ளித் தின்றாள். நானும் தின்றிருக்கிறேன். அது விளையாட்டில்லையாம், ரத்தம் குறைந்தால் நாக்கு அப்படித்தான் கேட்குமாம்.

அவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. அப்பா கத்தினால் கத்தட்டும். அத்தையிடம் ரத்தம் ஊறும் மாத்திரை கொடுத்தனுப்புகிறேன். என் பங்கில் எடுக்கவில்லை, அவளுக்கென்றே கேட்டு வாங்கினேன்.

இன்றைக்கு அப்பா சாப்பிட உட்காரும்போதே அவளையும் உட்கார வை. நீயும் உட்கார். பசிக்கவில்லை என்பாள். நம்பாதே அம்மா. நானும் அப்படித்தான் சொன்னேன்.

உன் காலைத் தொட்டு வேண்டிக்கொள்ளும்,
மூத்தவள்