சி.ஆர்.பி. பன்னிரண்டு

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து வானம் மப்பு. மழை இல்லை. தேற்றாத்தீவு வயல் வட்டைகளில் விதைப்பு.

குவைத்திலிருந்து ரஜனியின் இரத்தப் பரிசோதனை அறிக்கை, வட்ஸ்அப்பில். நான்கு நாளாக வயிற்றின் வலப்பக்கம் வலி. அப்பென்டிக்ஸ் என்றார்களாம். ஸ்கேன் எடுத்தபின் வேறு பெயர்: டைவர்டிகுலைடிஸ். பெருங்குடல் சுவரில் சின்னச் சின்னப் பைகள். ஒன்று அழன்று வீங்கியிருக்கிறது.

வெள்ளை அணுக்கள் 15,200. சி.ஆர்.பி. 96. உடலின் அழற்சியைக் காட்டும் எண்; ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

வீட்டுவேலைக்குப் போன எட்டு மாதத்தில் என் மனைவியைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகத் துல்லியமான செய்தி.

15, புதன்

பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். புதிய அறிக்கை. சி.ஆர்.பி. 12.

தொண்ணூற்றாறிலிருந்து பன்னிரண்டு! மாமி, ரஜனியின் அம்மா, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தா.

பின்னேரம் ரஜனியின் குரல். "மெடம் சொல்றா, சுகம் வராட்டி டிக்கட் போட்டு அனுப்புறாவாம். சுகம் வந்தா வேலைக்கு வரட்டாம்."

ஒப்பந்தம் இன்னும் பதினாறு மாதம்.

பன்னிரண்டைத் திரும்பவும் பார்த்தேன். சந்தோஷத்துக்குள் ஓர் ஏமாற்றம். இறங்காமல் இருந்திருக்கலாம் என்று. எழுதி வைக்கிறேன், யாரும் வாசிக்கப்போவதில்லை.

16

இடியோடு மழை. நனைந்துகொண்டே நஸீரிடம். டியூசன் காலத்துச் சிநேகிதன், காத்தான்குடியில் இரத்தம் பரிசோதிக்கும் லாப் வைத்திருக்கிறான். என் போனைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"மச்சான், ஒரு நாளைக்குள்ள இப்பிடி விழாதுடா. யூனிட்டப் பாத்தியா?"

பார்க்கவில்லை. முதல் அறிக்கை லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. இரண்டாவது டெசிலீற்றருக்கு, லீற்றரில் பத்தில் ஒரு பங்குக்கு. பத்தால் பெருக்க வேண்டும்.

நூற்றிருபது.

"மருந்து ஏத்தத் தொடங்கினாலும் ஒரு நாள் ஏறும். பயப்பிடாத. நாளைக்கும் இறங்கல்லெண்டாத்தான் யோசிக்கணும். குடல்ல ஓட்ட விழுந்தா ஒப்பரேசன்."

நேற்று நான் ஆசைப்பட்டது நேற்றே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

மாமியிடம் சொன்னேன். "கம்பஸில படிச்ச ஆள், ஒரு நம்பரப் பாக்கத் தெரியல்லியா மகன்?"

18, சனி

நேற்று 7.1. இன்று 3.8. பெருக்கிப் பெருக்கிப் பார்க்கிறேன். எழுபத்தொன்று. முப்பத்தெட்டு.

ரஜனி கஞ்சி குடித்தாளாம். வீட்டுக் கூரையில் ஒழுக்கு நின்றதா என்று கேட்டாள். அவளுக்குச் சீதனமாகக் கிடைத்த வீடு. அவள் இல்லாமல் நான் இதில் விருந்தாளி.

ஒழுக்கு நிற்கவில்லை. நின்றது என்றேன்.

22, புதன்

சி.ஆர்.பி. 0.8. எட்டு. வெள்ளை அணுக்கள் 7,400. ஈ.எஸ்.ஆர். என்ற இன்னோர் அழற்சி எண் மட்டும் இன்னும் 46, இருபதுக்குள் இருக்க வேண்டியது.

நஸீர் போனில்: "அது சோம்பேறிடா. வருத்தம் சுகமாகிக் கன நாளாகியும் இறங்காது. ஆள் சுகம்."

பகல் ரஜனி. "டொக்டர் அரபியில என்னமோ சொன்னார், விளங்கல்ல. மெடம் பின்னேரம் முடிவு கேப்பா. நீங்க பாத்துச் சொல்லுங்க. எனக்குச் சுகமா?"

நாற்பத்தாறைக் காட்டலாம். அச்சடித்த எண். பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

'ஈ.எஸ்.ஆர். இன்னும் கூடத்தான். வா.' தட்டினேன். அழித்தேன். திரும்பத் தட்டினேன். அழித்தேன்.

'சுகம்' என்று அனுப்பினேன்.

இரண்டு நீலக் கோடு. வாசித்துவிட்டாள். பிறகு அவள் குரல், மூன்று விநாடி.

"சுகமில்லையெண்டு சொல்லுவீங்கண்டு பாத்துக்கொண்டிருந்தன்."