உங்கள் மேல் விழுந்த என் பழி

என் மதினிக்கு,

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. உங்கள் தம்பி இன்னும் உங்கள் கட்டில் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார். முன்பு நான்கு மாதம் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாரே, அதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று உங்களுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

எண்பதுகள் பிறந்த சமயம். கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டு நடுவில் இருந்த சப்ஸ்டேஷனுக்கு இளநிலைப் பொறியாளராகப் போனேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்தி. எந்த வேலை சொன்னாலும், பெரிய சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறோம் என்பார்கள். பக்கத்துக் குடியிருப்பு வீட்டில் என் ஒரு வயது மகள் தேன்மொழியை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டே நீங்கள் தீப்பெட்டி ஒட்டினீர்கள்; அதனால்தான் நான் வேலைக்குப் போக முடிந்தது.

அந்தச் சித்திரை நாளில் காற்றடித்துக் கம்பி அறுந்துவிட்டது. லைன்மேன் சுப்பையா மூன்று மைல் தள்ளிக் கம்பத்தில் ஏறியிருந்தார். மின்சாரத்தை நிறுத்தியது என் கையெழுத்தில். அவர் திரும்பி வந்து, வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடும்வரை சுவிட்சைப் போடக் கூடாது.

பருத்தி ஆலை மேனேஜர் எதிரில் உட்கார்ந்து, மிஷின் நிற்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார். கோவில்பட்டியிலிருந்து மேலதிகாரி போனில், இன்னும் எதற்குத் தாமதம், லைனைக் கொடுத்துவிடுங்கள் என்றார். ஆள் இறங்கியிருப்பான் என்று ஆபரேட்டரும் சுவிட்ச் பக்கமே நின்றார். முடியாது என்று மூன்று பேருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தேன்மொழியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தீர்கள்.

"ஏட்டி வள்ளி, பிள்ளைக்கு வலிப்பு வந்துட்டு. கண்ணு சொருகுது. வா, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

வாசல்வரை வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஆபரேட்டரின் கை சுவிட்சுக்குப் போகிறது. நான் படி தாண்டினால் போட்டுவிடுவார். சுப்பையாவுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

"நீங்க போங்க மதினி. கம்பத்துல ஆள் நிக்காரு."

என் முகத்தை ஒருமுறை பார்த்தீர்கள். பஸ் வரும் பாதைக்கு ஓடினீர்கள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது? கடைசிவரை நான் கேட்கவேயில்லை.

ஒன்றரை மணி நேரம் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றேன். பெற்ற பிள்ளையை விடவா இது பெரிது என்று ஆபரேட்டர் எனக்குக் கேட்கும்படியே முணுமுணுத்தார். சுப்பையா சைக்கிளில் வந்து சேர்ந்தார். இன்னோர் இடத்திலும் கம்பி அறுந்திருந்ததாம். அரை மணி நேரத்துக்கு முன்புவரை கம்பத்தில்தான் இருந்திருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்டதும் பஸ்ஸுக்கு ஓடினேன். கோவில்பட்டி போய்ச் சேரும்வரை பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாது.

ஆஸ்பத்திரியில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த உங்கள் தம்பி என்னைக் கண்டதும் எழுந்தார். அவர் வாய் திறக்குமுன் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"அவள ஏசாதல. வலிப்புன்னு நான் சொல்லவே இல்ல. சும்மா காய்ச்சல்னுதான் சொன்னேன். தப்பு எம்மேல."

நான் வாய் திறக்கவில்லை. அவர் கோபமெல்லாம் உங்கள் மேல் திரும்பியது. பிறகு வராந்தாவில் என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னீர்கள்: "உண்மை தெரிஞ்சா வேலைய விடச் சொல்லிருவான். எங்கிட்ட எத்தன நாளைக்குக் கோவமா இருப்பான்? இருந்துட்டுப் போறான்."

இப்போது தேன்மொழி மூன்றாம் வகுப்பு. மறுபடி அவளுக்கு வலிப்பே வரவில்லை. நான் கோவில்பட்டிக்கே உதவிப் பொறியாளராக வந்துவிட்டேன். போன மாதம் என் பிரிவில் ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கும் கைக்குழந்தை. எப்படி மேடம் சமாளித்தீர்கள் என்று கேட்டாள். எனக்கு ஒரு மதினி இருந்தார்கள் என்றேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த யாரிடமோ உங்கள் தம்பி சொன்னார்: "அக்கா எங்களுக்குத் தாய் மாதிரி. பிள்ளைக்கு முடியாமப்போன அன்னைக்கு மட்டும் அவளுக்குப் புத்தி மட்டுப்பட்டுப்போச்சு." அடுக்களையில் இருந்த என் காதில் விழுந்தது. அப்போதும் நான் வெளியே வரவில்லை, மதினி. ஒரு ஆளின் உயிருக்காக அத்தனை பேரை எதிர்த்து நின்றவளுக்கு, உங்களுக்காக ஒரு வாக்கியம் சொல்ல வரவில்லை.

இன்று சாயங்காலம் அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொல்லிவிடுவேன். வலிப்பு என்று தெரிந்தேதான் நின்றேன், அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை என்று தேன்மொழியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுவேன். எத்தனை மாதம் வேண்டுமானாலும் அவர் என்னோடு பேசாமல் இருக்கட்டும். வேலையை விடு என்றால் மட்டும் விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் தம்பியைக் கட்டி வந்து
உங்களுக்குத் தங்கையாகிப்போன
வள்ளி