நீங்கள் நடந்து வந்த வெள்ளிக்கிழமை

அக்கா,

நீங்கள் செத்துப்போன செய்தி என் போனில் வந்தது. எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கோ பிரியாணிக் கடை விளம்பரத்துக்கோ நடுவில், 'ஜெராக்ஸ் அக்கா காலமானார்' என்று ஒரு வரி. அதன் கீழே ஆளுக்கொரு கும்பிட்ட கை. நான் சமோசாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கையைக் கழுவாமலே திரையைத் தொட்டதில் மாவு அப்பிக்கொண்டது. ஊருக்கெல்லாம் மவுத்துச் செய்தி சொன்னவர் நீங்கள். உங்கள் செய்தியைச் சொல்ல ஒரு ஆள் எழுந்து நடக்கவில்லை.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு உங்களை ஜெராக்ஸ் கடைக்காரம்மாவாகத்தான் தெரியும். எனக்கு நீங்கள் பூத்துக்கார அக்கா. எங்கள் பள்ளிவாசல் தெரு முனையில், மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்டிடி பூத். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் உங்களுக்குக் கிடைத்தது. வலங்கைமான் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமம், பண்ணையில் கூலி வேலை பார்த்த குடும்பம், இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போன இடது கால். இவ்வளவும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது உங்கள் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. என்னைக் கட்டிய மச்சான் குரல் வரும் இடம் அது, அவ்வளவுதான்.

அந்த நாளில் வீட்டுக்கு ஒருவர் சவூதியிலோ துபாயிலோ இருந்தார்கள். வீட்டில் போன் இருந்தவர்கள் குறைவு. வெளிநாட்டிலிருந்து கூப்பிடுபவர்கள் உங்கள் பூத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். "கொஞ்ச நேரங்கழிச்சு மறுபடி பண்ணுங்க, ஆள வரச்சொல்றேன்" என்று வைத்துவிட்டு, தெருப்பக்கம் போகிற மீன்காரியையோ பால்காரரையோ பிடித்துச் சொல்லி அனுப்புவீர்கள். நாங்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடி வருவோம். கண்ணாடிக் கூண்டுக்குள் நாங்கள் பேசும்போது நீங்கள் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொள்வீர்கள்.

சாவுச் செய்தியை மட்டும் நீங்கள் யாரிடமும் சொல்லி அனுப்பியதில்லை. "காதுல வாங்குனவ நானு. மீன்காரி வாயால அத ஒரு பொண்ணு கேக்கக்கூடாது" என்று நீங்களே ஒரு சட்டம் வைத்திருந்தீர்கள். பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டு, அந்தக் காலை இழுத்து இழுத்து நீங்களே வருவீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நல்ல எண்ணத்தால் என்ன ஆயிற்று? நீங்கள் தெருவில் கால் வைத்தாலே பெண்கள் கதவைச் சாத்தினார்கள். "மவுத்து நடந்து வருது" என்று என் மாமியாரே சொல்லியிருக்கிறார். நீங்கள் அடுத்த சந்தில் திரும்பிவிட்டால் எங்கள் சந்தில் எல்லோரும் மூச்சு விட்டோம். அடுத்த சந்தில் யார் வீடு என்று பிறகுதான் யோசித்தோம். கடைசியில் ரேஷன் கடைக்குப் போகக்கூட நீங்கள் வாய்க்கால் கரையைச் சுற்றிப் போக ஆரம்பித்தீர்கள், சேற்றில் அந்தக் காலோடு. நேர்வழியில் போங்கள் என்று உங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்கு அது வசதியாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

மச்சான் சவூதியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தது எங்களுக்குத் தெரியாது. ஆபரேஷனுக்குக் கொண்டுபோவதற்கு முன் யாரிடமோ போனைக் கேட்டு வாங்கி உங்கள் பூத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். நேரம் அதிகமில்லை, உடனே வரச்சொல்லுங்கள், மறுபடி கூப்பிடுகிறேன் என்றிருக்கிறார். ஜும்ஆ நேரம். ஆண்களெல்லாம் பள்ளிவாசலுக்குள். கடைகள் சாத்தியிருந்தன. சொல்லி அனுப்பத் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. அதனால் நீங்களே கிளம்பினீர்கள். சாவுச் செய்தி என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக ஷட்டரை இறக்காமல் வந்தீர்கள். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வேறு வந்தீர்கள்.

ஷட்டரை யார் பார்த்தார்கள்? காலைத்தான் பார்த்தார்கள்.

மாமியார் வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நீங்கள் எங்கள் சந்தில் திரும்பியதைப் பார்த்ததுமே முறத்தைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். நிலைப்படி வரைக்கும் வந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு என் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் உள்ளே வந்து ஒப்பாரி வைத்தார்கள். யாரோ கதவைச் சாத்தினார்கள். யாரோ உங்களைப் பிடித்துத் தள்ளினார்கள். யாரென்று இன்றுவரை ஒருத்தியும் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் படியில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல், சாத்திய கதவைத் தட்டித் தட்டிக் கத்தியிருக்கிறீர்கள்.

"உயிரோட இருக்காரு. மறுபடி போன் பண்ணப்போறாரு. வாங்க ஜமீலா, வாங்க."

எனக்குக் கேட்கவில்லை அக்கா. அந்த அழுகைச் சத்தத்தில் எனக்கு எதுவுமே கேட்கவில்லை.

தொழுகை முடிந்து வந்த ஆண்கள்தான் உங்களைத் தூக்கி உட்காரவைத்து விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். என்னைக் கைத்தாங்கலாகப் பூத்துக்குக் கூட்டிப்போனார்கள். எதிர்ச் சாரியில் சாத்திய கடைக்குள் தூங்கிக்கொண்டிருந்த சைக்கிள் கடைக்காரர் எழுந்து வந்து சொன்னார்: "போன் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. ஆளு யாரும் இல்லியேன்னு விட்டுட்டேன்." நாங்கள் பொழுது சாயும்வரை அந்தப் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அது அடிக்கவில்லை.

மறுநாள் அவர் கூட்டாளி கூப்பிட்டார். ஆபரேஷன் மேஜையிலேயே முடிந்துவிட்டதாம். அந்த ஒரு செய்திக்கு மட்டும் நீங்கள் நடந்து வரவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரிடம் சொல்லி அனுப்பினீர்கள். அதற்கும் ஊர் பேசியது. முந்தின நாளே வந்து இழவைக் கூட்டிவிட்டுப் போனவளுக்கு இன்றைக்கு வர என்ன கேடு என்றார்கள். சிரித்துக்கொண்டே வந்தாளே பாவி என்றார்கள். நானும் சொன்னேன். மற்றவர்களை விட அதிகமாகவே சொன்னேன்.

நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருந்த இத்தா முடிந்து வெளியே வந்ததும் நான் முதலில் வந்தது உங்களிடம்தான். பஸ் ஸ்டாண்டில் வேறு பூத் வந்திருந்தது. எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். நீங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். நீங்கள் போனைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்.

"ஜமீலாவக் கூப்பிடுங்க, அவ குரலக் கேக்கணும்னாரு."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் பிள்ளையை வளர்த்தேன். அதே வரிக்காகத்தான் உங்களை வெறுத்தேன். என் குரலைக் கேட்க ஒருவர் சாகும் நேரத்தில் கூப்பிட்டார். அதைக் கெடுத்தது உங்கள் கால்.

பிறகு செல்போன் வந்தது. பூத்துகள் செத்தன. நீங்கள் ஜெராக்ஸ் மிஷின் வாங்கிப் போட்டீர்கள். நான் எதிரே சமோசாவும் நோன்புக் கஞ்சியும் போட ஆரம்பித்தேன். இத்தனை வருஷம் எதிரெதிரே உட்கார்ந்ததில் உங்களை எனக்குத் தெரிந்தது. கரண்டு போனால் மின்வாரியத்தைப் பச்சையாகத் திட்டுவீர்கள். பிடிக்காதவர்களுக்கு மசி அப்பிய ஜெராக்ஸாகப் பார்த்துக் கொடுப்பீர்கள். கடன் விண்ணப்பத்துக்குச் சிட்டா அடங்கலோடு வரும் குடியானவர்களைக் கேலி செய்துகொண்டே எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் பின் அடித்துத் தருவீர்கள். தெருவில் எந்த வீட்டு மாப்பிள்ளை அங்கே எவளோடு இருந்தான் என்பதெல்லாம் அந்தப் போன் காலத்திலிருந்து உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்தும் உங்களோடு பேசவில்லை.

என் பையன் துபாய்க்குக் கிளம்பியபோது பாஸ்போர்ட்டை நகல் எடுக்க உங்களிடம் கொடுத்துவிட்டான். நான் எண்ணெய்க் கரண்டியைப் போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி வந்து, உங்கள் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். கடையில் நாலு பேர் நின்றார்கள்.

"உங்க கை பட்ட பேப்பரோட எம்புள்ள ஏர்போர்ட்டுக்குப் போக வேணாம். அவன் அத்தாவுக்குப் பண்ணுனது போதும்."

நீங்கள் மிஷின் மூடியைச் சாத்தினீர்கள். நிதானமாகத்தான் சொன்னீர்கள்.

"அவரு உன்னக் கேக்கவே இல்ல ஜமீலா. அவங்கம்மாவத்தான் கேட்டாரு. நீ இத்தா இருந்து வந்து நின்ன கோலத்தப் பாத்து மாத்திச் சொன்னேன்."

நாலு பேரும் கேட்டார்கள். என் பையனும் கேட்டான். நான் திரும்பி வந்தபோது சட்டியில் சமோசா கருகியிருந்தது. அதை எடுத்துக் கொட்டிவிட்டு அடுத்த ஈடு போட்டேன். வேறென்ன செய்ய முடியும்?

மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் இதைச் சொல்லவேண்டிய கட்டாயம் எனக்கு வரவில்லை. அதற்காகச் சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷம்தான் பட்டேன்.

போன மாதம் உங்களைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். நலம் விசாரிக்க வரவில்லை என்பது உங்களுக்கே தெரியும். சர்க்கரை முற்றி, அந்தக் காலை எடுத்துவிட்டிருந்தார்கள். போர்வை அந்தப் பக்கம் தட்டையாகக் கிடந்தது. நான் கொண்டுவந்த ஆரஞ்சைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று ஏதேதோ கேட்டேன்.

"கேக்க வந்தத கேளு" என்றீர்கள்.

"எது உண்மை அக்கா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்ததா என்று தேடினேன். எனக்கு அகப்படவில்லை.

"ரெண்டையும் ஒனக்குக் குடுத்துட்டேன். எது வேணுமோ அத வச்சுக்க."

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உங்களைச் சபித்துக்கொண்டே வந்தேன். உங்களுக்கு அந்த உரிமை இருந்தது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துதான் சபித்தேன்.

இப்போது கேட்பதற்கு நீங்களும் இல்லை. மச்சான் குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது. அந்தக் காலத்தில் யாரும் குரலைப் பிடித்து வைக்கவில்லை. 'ஜமீலாவக் கூப்பிடுங்க' என்று அவர் சொல்வதைக் கேட்க முயன்றால், அவர் சொன்னாரோ சொல்லவில்லையோ, அது உங்கள் குரலில்தான் கேட்கிறது.