கேட்காமல் எழுதிய கடிதம்

அக்கா,

நேற்று ஆக்லாந்தில் என் மகன் வீட்டு டிவியில் உங்கள் மழைப் பாட்டு வந்தது. பேத்தி இடுப்பை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள். அந்தக் காலத்து நடிகைகளுக்கு என்ன கவலை, நனைந்துகொண்டே ஆடினால் போதும் என்று மருமகள் எங்கள் ஃபிஜி இந்தியில் சொன்னாள். திரையில் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். பார்க்க முடியாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

அந்தச் சிரிப்பின் கதையை ஒரே ஒரு முறைதான் சொன்னீர்கள். ஃபிஜியில், நம் தவுவா ஊரில், உங்கள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், குழந்தை என்று பேச்சே எழக்கூடாது என்பது ஒப்பந்தமாம். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் பட முதலாளியே டாக்டரிடம் கூட்டிப்போய் அதை இல்லாமல் செய்தாராம். நாலாம் நாள் செட்டைப் பிரிக்க வேண்டும் என்று, மூன்றாம் நாளே குழாய்த் தண்ணீரில் ஆட நிறுத்தினார்களாம். "இன்னிக்கு ஒரு நாள்தாம்மான்னு சொன்னாங்க. பத்து வருஷம் அதையேதான் சொன்னாங்க" என்றீர்கள்.

கோயில் விழாவுக்கு ஆட வந்த குழுவோடு ஃபிஜிக்கு வந்த நீங்கள் திரும்பிப் போகவே இல்லை. பக்கத்திலுள்ள வட்டுகோலா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டீர்கள். உடம்பு பருத்து, முடி நரைத்து, ஊருக்கு வெறும் தையல்கார அம்மா ஆனீர்கள். அதைவிடப் பெரிய சந்தோஷம் உங்களுக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இந்தியர்கள் கடைகளில் கல் விழுந்தது. கனடா, ஆஸ்திரேலியா என்று தெருவில் பாதி வீடு காலியானது. எங்களுக்கும் விசா வந்துவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வெளிநாட்டுக்கு அழைத்துக்கொள்ள உங்களுக்கு யாரும் இல்லை. உங்களைத் தனியாக விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஊரில் தமிழ் எழுதத் தெரிந்த நாலைந்து பேரில் நான் ஒருத்தி. அந்தத் திமிரில், சிட்னியில் ஒரு தமிழ்ச் சங்கத்துக்கு நீங்கள் யார் என்பதை எழுதிவிட்டேன்.

பதில் வந்தது. அழைப்புக் கடிதம் தருவார்களாம். ஆண்டு விழா மேடையில் அதே பாட்டுக்கு நாலு அடி ஆடினால் போதுமாம். பரீட்சையில் பாசானவள் மாதிரி ஓடிவந்து நீட்டினேன். "ஒரு நாள்தானே அக்கா" என்று வேறு சொன்னேன், பாவி.

கடிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தீர்கள். "அவள நான் மெட்ராஸ்லயே விட்டுட்டு வந்தேன். நீ ஏண்டி போயி கூட்டியாந்த?"

நீங்கள் போக மறுத்ததோடு அது முடியவில்லை. விசாரித்துச் சொல்லும்படி சங்கத்தார் தவுவாவில் தங்களுக்குத் தெரிந்தவருக்கும் எழுதியிருந்தார்கள். ஒரே வாரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வட்டுகோலா பஸ்ஸில், தமிழில் ஒரு வார்த்தை புரியாத வாலிபர்கள் உங்களைப் பார்த்ததும் அந்தப் பாட்டை விசிலடித்தார்கள். பிறகு நீங்கள் பஸ் ஏறவில்லை, கோயிலுக்கும் வரவில்லை. எங்களை வழியனுப்பக்கூட வாசலுக்கு வரவில்லை. அடுத்த வருடம் போனில் நீங்கள் இறந்த செய்திதான் வந்தது.

உங்களைக் காப்பாற்றத்தான் எழுதினேன் என்று இத்தனை காலமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அது பாதிதான் உண்மை. கடிதத்தின் அடியில், யாரும் கேட்காமலே, 'இவருடைய உயிர்த்தோழி' என்று போட்டு என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். மற்ற வரிகளெல்லாம் மறந்துவிட்டன. அது மட்டும் மறக்கவில்லை. உங்கள் புகழில் எனக்கும் ஒரு பங்கு வேண்டியிருந்தது, அக்கா.