எட்டுப் பாலங்களும் எழுந்தன

மார்ச் 4, செவ்வாய்

வாசல் பனியை வாரித் தள்ளிவிட்டு ஏழு மணிக்குக் கல்லூரிப் பட்டறையைத் திறந்தேன். மூன்று த்ரீ-டி பிரிண்டர்களும் படுத்துக் கிடந்தன. என் காலடிச் சத்தம் கேட்டதும் ஒன்று தானாகவே ஓட ஆரம்பித்தது. பயம். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன்தான் நான். ஆனால் இந்த டுலூத் ஊர்க் கல்லூரியில் ஆசிரியையாவதற்குப் படித்த அத்தனை பெண்களுக்கும் முதன்முதலில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கக் காட்டியது இந்த வெண்டெல் ஹுக்கலா. ஐந்நூறு பேர் இருக்கும். எண்ணூறும் இருக்கலாம்.

இப்போது படிப்பவர்களில் ஒருத்தி என் அக்கா மகள் பிரென்னா. ஏப்ரல் 9 அன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நவம்பரில் நடத்தியது தோல்வி. டேப்லெட்டுகள் இணையவில்லை, இவள் இருபது நிமிடம் மரம் மாதிரி நின்றுவிட்டாள். இந்தத் தடவையும் தவறினால் ஆசிரியர் உரிமம் இல்லை. மூன்றாவது வாய்ப்பு கிடையாதாம்.

மார்ச் 20, வியாழன்

ஒத்திகை. பாடம் இதுதான்: நம் ஊர்த் தூக்குப் பாலத்தைப் பிள்ளைகள் அட்டையில் செய்து வண்ணம் பூச வேண்டும். சின்ன மோட்டாரும் மின்பலகையும் பொருத்தி, பொம்மைக் கப்பல் வரும்போது பொத்தானை அழுத்தினால் பாலம் எழும்படி டேப்லெட்டில் கட்டளைகளை அடுக்க வேண்டும். கூடப் படிக்கும் பெண்களே பிள்ளைகளாக உட்கார்ந்தார்கள். எட்டில் ஐந்து பாலங்கள் அசையவே இல்லை.

பிரென்னா ஒன்றைத் திருத்தக் கையை நீட்டினாள். பேராசிரியர் டோரீன் மக்ளஸ்கி இருமினார். அந்த அம்மாவின் சட்டம் அது: ஆசிரியரின் கை பாக்கெட்டில் இருக்க வேண்டும். பிள்ளையின் பொருளைத் தொடக்கூடாது; கேள்விதான் கேட்கலாம். கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு எவன் குழாய் மாட்டினான் என்று கேட்டேன். சிரித்தார். என்மேல் அவருக்கு எப்போதுமே ஒரு மரியாதை.

ஏப்ரல் 7, திங்கள்

பிரென்னாவை வீட்டில் விடப் போனேன். வீடு வந்தும் வண்டியை விட்டு இறங்கவில்லை. "பாடம் எனக்குத் தெரியும் மாமா. நடுவுல எதாவது நின்னு போச்சுன்னா என்ன பண்றதுன்னுதான் தெரியல."

நிற்காது, நான் இருக்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மதியம் பட்டறையில் யாரும் இல்லை. பிள்ளைகளுக்கான பாகங்கள் இருந்த எட்டுப் பெட்டிகளையும் பிரித்தேன். அட்டையை வெட்டிச் சூட்டுப் பசையால் ஒட்டி, கம்பிகளுக்குச் சாலிடர் வைத்து, முடித்த ப்ரோக்ராமை எட்டிலும் ஏற்றினேன். எட்டும் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கின. ராணுவ அணிவகுப்பு தோற்றது. பிரென்னாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.

ஏப்ரல் 9, புதன்

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நானும் பள்ளிக்குப் போனேன். மக்ளஸ்கி கடைசி வரிசையில், மடியில் மதிப்பெண் தாள். பிள்ளைகள் பெட்டியைத் திறந்தார்கள், பொத்தானை அழுத்தினார்கள். எட்டுப் பாலங்களும் எழுந்தன. யாராவது கைதட்டுவார்கள் என்று நின்றேன்.

கையா என்ற சிறுமி கேட்டாள்: "மிஸ், இதுதான் முடிஞ்சு போச்சே. நாங்க என்ன பண்றது?"

நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் நான்கு நிமிடம் போயிருந்தது. பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது. பிரென்னா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை — நவம்பரிலும் இப்படித்தான் நின்றிருப்பாளா? அடப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே வெண்டெல், அவ பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே.

ஒரு மணி நேரம் நின்றாள். இல்லை, கடிகாரத்தில் அரை நிமிடம்தான்.

பிறகு ஒரு மேசைக்கருகே குனிந்தாள். "இதை வேற யாரோ செஞ்சு குடுத்துட்டாங்க. உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. பிரிச்சுப் பாக்கலாமா?"

இருபத்து மூன்று பிள்ளைகளும் நகத்தாலும் ஸ்கேலாலும் பிய்த்தார்கள். என் பசை விடவில்லை. கத்தியோடு முன்னால் போனேன். "மாமா, கை பாக்கெட்ல," என்றாள் திரும்பிப் பார்க்காமலே. வைத்தேன். கம்பிகள் அறுந்தன. பிள்ளைகள் கண்டபடி முறுக்கிச் சேர்த்தார்கள். கையாவின் பாலம் கப்பலைக் கண்டதும் கீழே இறங்கியது.

"உன் பாலம் கப்பலை நசுக்குது," என்றான் பக்கத்துப் பையன்.

"உன் கப்பல்தான் தப்பான நேரத்துல வருது."

எதை மாற்றிய பிறகு இப்படி ஆனது என்று மட்டும் பிரென்னா கேட்டாள். கையா வெகுநேரம் யோசித்து இரண்டு கம்பிகளை இடம் மாற்றினாள். மணி அடிக்கும்போது மூன்று பாலங்கள் எழுந்தன. மற்ற ஐந்தும் குப்பை. ஒரு பிள்ளையும் வெளியே ஓடவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

முடித்த பொருளைக் கொடுத்துப் பிரிக்க வைத்த திட்டம் அருமை என்று மக்ளஸ்கி பாராட்டினாராம். தப்பித்தோம் என்றேன். பிரென்னா குளிர்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். அது தன் திட்டம் இல்லை என்று சொல்லப் போகிறாளாம்.

"பைத்தியமா உனக்கு? பாஸாகப் போறதைக் கையால தள்ளுவியா?"

"அடுத்த வருஷம் எல்லாரும் முடிச்ச பாலத்தைத் தூக்கிட்டு வகுப்புக்குப் போவாங்க மாமா. நான் சொல்லலன்னா."

போனாள். பின்னாலேயே நானும் போனேன். ஒட்டியது நான், இவளுக்குத் தெரியாது என்று மக்ளஸ்கியிடம் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

ஏப்ரல் 14

மதிப்பெண் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

வந்துவிட்டது. தயாரிப்புக்குப் பூஜ்யம், பெட்டிகளை முதல்நாளே திறந்து பார்க்காதது ஆசிரியையின் தவறாம். எதிர்பாராததைச் சமாளித்ததற்கு முழு மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் இரண்டே மதிப்பெண் வித்தியாசத்தில் தேர்ச்சி.

அக்கா ஹாட்டிஷ் செய்திருந்தாள், இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கித் தட்டத்தோடு சுடுவது. பத்தாம் தேதியிலிருந்து பிரென்னா என்னோடு பேசவில்லை. ஆனால் மூலையில் முறுகியிருந்த, எனக்குப் பிடித்த துண்டை என் தட்டில் வைத்தாள்.

ஏப்ரல் 24, வியாழன்

முதல் வருடத்துப் பெண் ஒருத்தி வந்தாள். பிரிண்டர் அடைத்துக்கொண்டதாம். எங்கே அடைத்திருக்கும் என்று நினைக்கிறாய் என்று கேட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டாள். நான் என்றால் இரண்டே நிமிடம்.

சரி, பதினைந்து.