பூசிய அறை, பூசாத அறை

பிப்ரவரி 9
மதுக்கரையில் எங்கள் வீட்டுச் சுவர் எழும்பிவிட்டது. பவுண்டரியில் வார்ப்புக்குப் பயன்படுத்திக் கழித்துப் போட்ட கருமணலில் செய்த கல். அதையும் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்துக் கட்டுகிறார்கள். சுவருக்கு நடுவே காலியிடம். அதில் நிற்கும் காற்று வெயிலை உள்ளே விடாதாம். வீட்டுக்கு பிளான் போட்ட பிரீத்திகா சொல்கிறாள். மேலே சிமெண்ட் பூசாமல் விட்டால் இன்னும் குளிரும் என்பது என் கணக்கு.

என் வீட்டுக்காரருக்கு நம்பிக்கையில்லை. சித்திரை வெயிலுக்கு வீடு குளிராவிட்டால் எல்லாச் சுவரையும் பூசி ஏசி மாட்டுவதாகப் பேச்சு. என் மானமே அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 10
சுவரைத் தட்டிப் பார்த்தேன். பானையைத் தட்டினாற்போல ஒரு சத்தம். மறுபடி தட்டினேன். கொத்தனார் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

மார்ச் 16
பழனி போய்விட்டு உக்கடத்தில் பஸ் இறங்கி நேரே புது வீட்டுக்குப் போனேன். மேற்கே இருக்கும் இரண்டு அறைகளில் ஒன்று முழுக்கப் பூசியிருக்கிறது! வழவழவென்று! அடுத்து ஹாலுக்குக் கலவை தயார். தாராபுரத்து அண்ணன் ஆள் அனுப்பிச் செய்த வேலை. பொறந்த வீட்டுச் சீராம்!

அண்ணனிடம் போனில் கத்தினேன். "கல்லு தெரியற ஊட்டுக்குச் சொந்தக்காரங்களக் கூப்புட்டா, காசு தீந்து போச்சும்பாங்க அம்மணி" என்கிறார்.

என் வீட்டுக்காரருக்கு முன்பே தெரியுமாம். "உங்கண்ணன் அத்தன ஆசையாச் சொல்றப்ப வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

இந்த மரியாதையத் தூக்கிக் குப்பையில போட!

மார்ச் 17
அழுதேன். ஹால் தப்பித்தது.

மார்ச் 19
ஒன்று தோன்றுகிறது. ஒரே அளவில் இரண்டு அறை, இரண்டிலும் மேற்கு வெயில். ஒன்று பூசியது, ஒன்று பூசாதது. நானே கேட்டாலும் இப்படி அமையுமா? தெர்மாமீட்டர் வாங்க வேண்டும். கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மே 4
குடிவந்த பிறகு முதல் கத்திரி வெயில். வாசலில் கால் வைக்க முடியவில்லை. உள்ளே நிஜமாகவே குளிர்ச்சி! தெர்மாமீட்டரை இரண்டு அறையிலும் மாற்றி மாற்றி வைத்தேன். ஒரே அளவு. மறுபடியும் வைத்தேன். அதே அளவுதான்.

பிரீத்திகாவுக்குப் போன் போட்டேன். "உள்ள இருக்கற காலியிடத்தாலதானுங்க்கா குளுருது. பூச்சுனால பெருசா ஒண்ணுமில்லீங்க."

அப்போ நான் எதுக்கு அழுதேன்? அண்ணன் பூசியது நாலு பேர் பார்க்க. நான் பூசாமல் விட்டதும் நாலு பேர் பார்க்கத்தானா?

மே 11
அண்ணன் வந்தார். சாப்பிட்டதும் பூசாத ஹாலில் பாய் போட்டு நன்றாகத் தூங்கினார். எழுந்து சுவரைத் தட்டினார். என்னைப் போலவே இரண்டாவது தடவையும்.

"கோழிப்பண்ணையில வெயிலுக்கு முட்டை கெட்டுப்போகுதம்மணி. முட்டை குடோன இந்தக் கல்லுலயே கட்டிப்போடலாம்னு பாக்கறேன்."

"பூசுவீங்களாண்ணா?"

"முட்டைக்கு எதுக்கு கண்ணு பூச்சு? அதப் பாக்கச் சொந்தக்காரங்களா வரப்போறாங்க?"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

மே 12
அண்ணன் பூசிக் கொடுத்த அறைக்கு இளநீலம் அடிக்கச் சொன்னேன். ஏசிக்கென்று ஹால் சுவரில் விட்டிருந்த ஓட்டையைக் கொத்தனார் கல் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர்தான் அடைக்கச் சொன்னாராம். என்னிடம் மூச்சு விடவில்லை.