கார்காலத்துக் கணக்காயர் திரளை நிறுத்திய ஓலை

மழை வழுவாது பொழிக. பொழிந்த மழை ஊரை அழிக்காது கடல் சேர்க. குவளைக்கொடி உயர்த்து மூன்று ஆறும் நாற்பத்திரண்டு துறையும் ஆளும் கோமான் திருமலி நெடுங்கோவின் ஆணையைத் தலைமேற்கொண்டு, அவருடைய கல்விப் பேரமைச்சராய் இருபதாண்டு அமர்ந்த ஏழிற்கிழார் பொறையாண்டார் விடுக்கும் ஓலை. நாட்டில் பிள்ளைகளுக்கு வாசிப்பும் எழுத்தும் கற்பிக்கும் கணக்காயர் அனைவரையும் ஆண்டுதோறும் தலைநகராம் வாகைமூதூரில் கூட்டி, கற்பிக்கும் முறையை அவர்களுக்கே கற்பிக்கின்ற திரள்நாயகம், பட்டும் பரிவட்டமும் பெற்ற கூத்தரையர் காண்க. காண்பது போதாது, கேட்க. உமது மனையும் மாடமும் வாழ்க, மக்களும் மாடும் பெருகுக. உமது திரளையும் அவ்வாறே வாழ்த்த அமைச்சருக்கு மனம் வரவில்லை.

அமைச்சர் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவன் அவருடைய ஓலைநாயகன். இருபதாண்டில் ஒருநாளும் குரல் உயர்த்தி அறியாத பொறையாண்டார், இன்று காலைமுதல் அறையின் இரு சுவருக்கும் இடையே நடந்துகொண்டே இருக்கிறார். அவர் சொன்னவற்றில் நான்கு சொற்களை, அரசமுத்திரை இட்ட ஓலையில் அவை தகா என்று ஓலைநாயகன் தன் பொறுப்பில் விட்டுவிட்டான். எஞ்சியவை பின்வருவன.

பன்னிரண்டு ஆண்டுக்கு முன் இத்திரளைத் தொடங்கியவர் அமைச்சரேதான். அதை அவர் மறைக்கவில்லை. ஊருக்கு ஒருவராய், யோசனை கேட்கவும் துணையின்றிக் கற்பித்துக் கிடக்கும் கணக்காயர்கள் ஒருவரை ஒருவர் காணட்டும், தம் பள்ளியில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று வாய்விட்டுப் பேசட்டும் என்பதே அவர் எண்ணம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. முதலாண்டு அவர்கள் வட்டமாய் அமர்ந்து பேசினர். மூன்றாமாண்டு நீர் மேடை போட்டீர். ஐந்தாமாண்டு மேடைக்கு விதானம் வந்தது, ஏழாமாண்டு வரவேற்பு மட்டுமே ஒருநாள் முழுதும் நடந்தது, ஐந்து நாள் கூட்டம் இருபது நாளாயிற்று. பிள்ளை ஒன்றின் விரலைப் பிடித்து மணலில் அகரம் எழுதுவித்தறியாத அவைப்புலவர் ஒருவர், முப்பதாண்டு கற்பித்துத் தலைநரைத்தவர்களை வரிசையாய் உட்காரவைத்து, எழுத்தாணி பிடிக்கும் முறையை மூன்று நாள் விளக்கினார். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்கள். நீர் விற்றதோடு நில்லாமல், வாங்காதவரின் பெயரையும் குறித்துக்கொண்டீர்.

கீழையளம் என்னும் கடலோர ஊரை நீர் ஏட்டில் மட்டுமே அறிவீர். அது உப்பளத்தார் ஊர். வெயில் காயும் மாதமெல்லாம் பிள்ளைகளும் பெற்றோருடன் உப்பு வாருவர். மழை இறங்கி அளம் மூழ்கினால்தான் அவர்கள் கைக்கு ஓய்வு, அப்போதுதான் பள்ளி நிறையும். ஐப்பசி தொடங்கி மார்கழி முடிய, அவ்வூர் கற்கும் காலம் அம்மூன்று மாதமே. அங்கே பதினைந்து ஆண்டாய்க் கற்பிப்பவர் மாறங்கொற்றியார். அவ்வூரில் எழுத்தறிந்தவர் அவர் ஒருவரே.

உமது திரளோ கார்த்திகையில் கூடும். ஏனெனில் தலைநகரப் பள்ளிகளுக்கு அது விடுமுறைக் காலம். கொற்றியார் நடந்து வர எட்டு நாள், இருக்க இருபது நாள், திரும்ப எட்டு நாள். வாராத கணக்காயரின் பெயர் நீக்கப்படும், அவர் பள்ளி மூடப்படும் என்பது உமது விதி. போனால் பிள்ளைகள் படிப்புப் போயிற்று, போகாவிட்டால் பள்ளியே போயிற்று. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் எழுத்துக்கூட்டத் தொடங்கும் வேளையில் அவர் மூட்டை கட்டுவார். திரும்பி வரும்போது கற்ற எழுத்தையும் அவர்கள் மறந்திருப்பார்கள், மழையும் விடத் தொடங்கியிருக்கும். ஒவ்வொரு திரளிலும் ஒருநாள் தவறாமல் இருந்தவர் என்று சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு வரை பதினொரு பட்டுக்கச்சை அவருக்கு நீர் கட்டினீர். அவர் பள்ளியில் ஓர் ஓலையைத் தானே வாசிக்கும் பிள்ளை ஒன்றேனும் உண்டா என்று நீர் கேட்கவில்லை. அமைச்சரும் கேட்கவில்லை.

இத்தனை ஆண்டில் திரளால் தமக்கு விளைந்த பயன் ஒன்றே என்று கொற்றியார் அமைச்சரிடம் சொன்னார். அது மேடையில் கிடைத்ததன்று, சோற்று வரிசையில் கிடைத்தது. மலைநாட்டுக் கணக்காயர் ஒருவர் கையில் இலையோடு நின்றபடி, பிள்ளைகளுக்கு முதலில் அகரமுதல் எழுத்தெல்லாம் அடங்கிய நெடுங்கணக்கை ஓதுவிக்காமல், அவரவர் பெயரை எழுதிக் கொடுத்துப் பார், மறக்கவே மாட்டார்கள் என்றாராம். அதைக் கேட்டு எழுந்த ஆரவாரம் மேடைக்கு இடையூறு என்று, மறு ஆண்டு முதல் சோற்று வரிசையில் பேசலாகாது என நீர் பறையறைவித்தீர். இதைக் கேட்டபோது அமைச்சர் தம் நெற்றியில் தாமே அறைந்துகொண்டதை ஓலைநாயகன் கண்டான்.

திரளை வேறு மாதத்துக்கு மாற்றுமாறு கொற்றியார் ஏழு முறை விண்ணப்பித்தார். அடுத்த திரளில் ஆராயப்படும் என்று ஏழு முறையும் மறுமொழி சென்றது.

இனிச் சொல்லப்போவது சென்ற கார்த்திகையில் நிகழ்ந்தது. மேற்கே வீரமடை ஏரி நிரம்பிக் கரை நடுங்க, நாளை உச்சிப்பொழுதில் கலிங்கு திறந்து நீரை விடுவோம், எல்லோரும் மேட்டுக்கு ஏறுக என்று ஏரிக்காவலர் கீழூர் ஒன்பதுக்கும் குவளை முத்திரையிட்டு ஓலை விடுத்தனர். ஓலை சுமக்கும் ஓட்டன் அதன் பொருள் அறியலாகாது என்பது நாட்டு வழக்கு. ஆதலால் அவன் கொடுத்தான், அடுத்த ஊருக்கு ஓடினான். எட்டூரில் வணிகரோ கோயிலாரோ வாசித்துச் சொல்ல, மக்கள் மேடேறினர். கீழையளத்தில் வாசிக்க வல்லவர் அவ்வேளையில் வாகைமூதூரில், நான்காம் வரிசையில், அரச ஓலையை இடக்கையால் வாங்கலாமா ஆகாதா என்னும் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவ்வூருக்குக் கார்காலத்தில் வந்து பழகிய குவளை முத்திரை ஓலை உமது திரளோலை ஒன்றே. ஊர்த்தலைவர் பொதியனார் முத்திரையைப் பார்த்தார். கணக்காயர் ஏன் இன்னும் வந்துசேரவில்லை என்று கேட்கிறார்கள் போலும், அவர் வந்தே பிரிக்கட்டும் என்றார். அரசமுத்திரையை எவரும் உடைத்துவிடாதபடி, மஞ்சள் தடவிப் பள்ளியின் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார். மறுநாள் உச்சிப்பொழுதில் நீர் வந்தது. ஊரார் உப்புக் குவியல்மேல் ஏறினர். ஏறியவர் காலடியிலேயே உப்புக் கரைந்தது. பொதியனார் பிழைத்து மேடேறியவர். ஏறியவர் இறங்கினார். திரளோலை நனைந்து அழிந்தால் கொற்றியாரின் பெயரை நீக்கிவிடுவார்கள், நம் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாமற்போகும் என்று சொல்லியே இறங்கினாராம். அவரை இழுத்துவரச் சென்ற இருவரும் அவரும் மீளவில்லை. மூன்றாம் நாள் பள்ளிச் சுவரடியில் அவரைக் கண்டபோது, ஓலை நனையாதபடி அவர் தலைப்பாகைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

கொற்றியார் அந்த ஓலையை எடுத்துக்கொண்டு மீண்டும் எட்டு நாள் நடந்து வந்து, அமைச்சர் முன் வைத்து, வாசிக்குமாறு கேட்டார். அமைச்சர் வாய்விட்டு வாசித்தார். வாசித்து முடித்தபின் கொற்றியார், பன்னிரண்டு ஆண்டாக வாசிக்கக் கற்பிக்கும் முறையை எனக்குக் கற்பித்தீர்கள்; கற்றுக்கொண்டு நான் இங்கே இருந்தேன், ஓலை அங்கே இருந்தது என்று மட்டும் சொன்னார். அவர் அழவில்லை. அழுதிருந்தால் அமைச்சர் ஆறுதலாய் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பார்.

அன்றே அமைச்சர் உமது ஓலைக் கொட்டிலுக்குச் சென்று கொற்றியாரின் ஏழு விண்ணப்பங்களையும் தேடி எடுத்தார். கட்டிய நூல் கட்டியபடி இருந்தது. ஏழின் புறத்திலும் கண்டோம் என்னும் முத்திரை இருந்தது. அது உமது முத்திரையன்று, அமைச்சருடையது. நாட்டுக்கே வாசிப்பைக் கற்பிக்க அமர்ந்தவர், பிரிக்காத ஓலையில் கண்டோம் என்று ஏழு முறை குத்தியிருக்கிறார். உம்மேல் எழுந்த சினத்தில் பாதியை அவர் அங்கேயே இறக்கிவைக்க வேண்டியதாயிற்று. மறுபாதி இன்னும் இருக்கிறது.

ஆகவே கோமான் ஆணை இது. வாகைமூதூரில் இனிக் கணக்காயர் திரள் கூடாது. மேடையும் விதானமும் பிரித்து ஒழுகும் பள்ளிகளுக்குக் கூரையாகுக. கணக்காயர்கள் பத்துப் பேருக்கு மிகாமல், தத்தம் பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் மாதத்தில், தாமே தேர்ந்த ஊரில் கூடுவர். சோறு உண்டு, வேண்டுமட்டும் பேசுவர். அவ்வாண்டில் ஒரு பிள்ளைக்கேனும் எழுத்துக் கற்பிக்காதவர் அங்கே வாய்திறக்கலாகாது. அமைச்சருக்கும் இது பொருந்தும். கண்டோம் முத்திரையை அவர் உலையிலிட்டுவிட்டார்.

கூத்தரையரே, பிரிக்காத ஓலை ஒன்றை உம் கையில் கொடுத்து, மழை தொடங்குமுன் கீழையளம் சென்று கொற்றியாரின் பள்ளியில் தங்குக, முத்திரையை நீர் உடைத்தல் ஆகாது என்று வாய்மொழியாய் மட்டும் உமக்குச் சொல்லப்பட்டது. ஏன் என்று இத்தனை நாள் உமக்குத் தெரிந்திராது. இவ்வோலைதான் அது. இந்த மழைக்கு முன் ஓரெழுத்தும் அறியாதிருந்த அவ்வூர்ப் பிள்ளை ஒன்று இதைப் பிரித்து முற்றும் வாசித்துக் காட்டும் வரை நீர் அங்கிருந்து புறப்படலாகாது என்பதே உமக்குரிய ஆணை. இந்த மழையில் ஆகாவிடில் அடுத்த மழை. நீர் கணக்காயருக்கே கற்பித்தவர். கொற்றியாருக்கு உதவியாய் மணல் பரப்பிக் கொடுத்தால் விரைவில் ஊர் திரும்பலாம்.

இதுவரை வாசித்துவந்த பிள்ளையே, உன் பெயர் அமைச்சருக்குத் தெரியாது. நீண்ட நீண்ட தொடராய் எழுதி உன்னை வருத்தியதைப் பொறுத்துக்கொள்; பெரியவர்களுக்குச் சுருங்கச் சொல்லத் தெரிவதில்லை. இனி உன் ஊருக்கு எந்த முத்திரையோடு எந்த ஓலை வந்தாலும், அது யார் பெயருக்கு வந்தாலும், யாரையும் கேட்காமல் உடைத்துத் தெருவில் நின்று உரக்க வாசி. தடுப்பவர் எவராயினும் கோமானுக்குப் பகைவர். பொதியனாரின் மனைவி அங்கே இருந்தால், வெள்ளம் வடிந்த உடனே வரவேண்டிய இவ்வோலை ஓராண்டு தாழ்ந்து வந்ததற்கு அமைச்சர் தலைதாழ்த்துகிறார் என்று அவர் பக்கம் திரும்பிச் சொல்.

பிறகு திரள்நாயகத்தைப் பார்த்து, கேட்டீரா என்று கேள். கேட்டேன் என்பார். அவருக்கு அப்படிச் சொல்லிப் பழக்கம். எங்கள் எல்லோருக்கும் பழக்கம். நீ அதை நம்பாமல் முதல் வரியிலிருந்து இன்னொரு முறை வாசி.

இது கோமான் திருமலி நெடுங்கோவின் ஆணை. பொறையாண்டார் முழுதும் வாசித்தபின் கைந்நாட்டினார். எழுதினவன் ஓலைநாயகன். உடைத்த முத்திரையை வாசித்த பிள்ளையே வைத்துக்கொள்க.